குப்பை வாளியில் நாடு பார்த்தவர்

தனியாக வெளிநாட்டுப் பயணம் போவது எப்படி என்று ஒரு வாரப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு ஆலோசனை எழுதியவன் நான். எழுதிய காலத்தில் நான் தனியாகப் போயிருந்த மிகத் தொலைவான ஊர் கொழும்பு. போன காரியம் பல் பிடுங்குவது. திரும்பும்போது வாயில் பஞ்சோடு தூங்கிப்போய், இறங்க வேண்டிய எல்ல ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளம் முடிந்துபோகிற பதுளையில், ரயில் பெட்டியைக் கூட்ட வந்தவர் விளக்குமாற்றுக் கட்டையால் தட்டித்தான் கண் விழித்தேன். இந்த அனுபவத்தின் பலத்தில்தான் பாரிஸில் ஏமாறாமல் இருப்பது எப்படி, பாங்கொக்கில் பணப்பையை எங்கே ஒளிப்பது என்றெல்லாம் எழுதினேன். பெரும்பகுதி அங்கங்கே பொறுக்கியது. சொந்தச் சரக்கு என்று ஒரு வரி உண்டு: ‘விமானத்தின் குளிர் மண்டைக்குள் இறங்கும், புறப்படுமுன் தலைக்கு நன்றாகத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்வது உத்தமம்.’ அது கொழும்பு ரயிலுக்காக என் மனைவி எனக்குச் சொன்னது. ரயிலை விமானமாக்கியது மட்டும் என் படைப்பாற்றல்.

அந்தக் கட்டுரையை உலகத்தில் ஒரேயொரு ஆள் நம்பினார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் சொல்லமாட்டேன். ஒருமுறை, “உங்களைப் பத்தி எழுதட்டுமா அக்கா?” என்று கேட்டபோது, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

“எழுதுங்க சேர். பேரை மட்டும் போட்டுறாதீங்க. அடுத்த நாளு அந்தப் பேப்பர்லதான் வடை சுத்திக் குடுப்பான். எம் பேரு மேல எண்ணெய் வடியணுமா?”

எல்லயில் ஒரு சுற்றுலா விடுதியில் நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த வருடங்களில், அறைகளைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அவருடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒற்றை நாடி உடம்பு. முகத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்கு போகும். ஆள் பின்னால் வருவார். அதிலும் அந்த மூக்கு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும், அல்லது முகர்ந்ததை எண்ணிச் சுருங்கிக்கொண்டிருக்கும். அருவருப்பு என்பது மற்றவர்களுக்கு வந்து போகிற ஒன்று. அவருக்கு அது நிரந்தர உத்தியோகம்.

விருந்தினர் அறையைக் காலிசெய்ததும் கதவைத் திறப்பார். உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பார். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போய்க் குப்பை வாளியை எட்டிப் பார்ப்பார். கட்டில், அலமாரி, கண்ணாடி எல்லாம் அதற்கப்புறம்தான். பார்த்து முடித்ததும் படியிறங்கி என் மேசைக்கு வந்து நிற்பார்.

“ஏழாம் நம்பர் எந்த நாடு சேர்?”

நான் பதிவைப் பார்த்து, “ஜெர்மனி” என்பேன்.

“அப்ப ஜெர்மனி வேணாம்.”

திரும்பிப் போய்விடுவார். முதலில் இது ஏதோ சாபம் என்று நினைத்தேன். ஜெர்மனிக்கு அதனால் நேரடிப் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஏழாம் நம்பரில் இருந்தவர் வெள்ளைத் தாடியும் தங்கக் கரை மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பேராசிரியர் மாதிரி இருந்த மனிதர். காலை வணக்கத்தைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டு சொன்னவர். போகும்போது கால் நகங்களையெல்லாம் வெட்டித் தேநீர்ச் சாசரில், சீனிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பிறை பிறையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து விடுதித் தேநீரைச் சாசர் இல்லாமலே குடித்தேன். இதை எழுதும்போதுகூட...சரி, விடுவோம்.

பிரான்ஸ் போனது ஒரு அட்டையால். மழைக்காலத்தில் மலையேறிவிட்டு வந்த இளம் ஜோடி காலில் கடித்திருந்த அட்டையைப் பிடுங்கி, பல் தேய்க்கிற டம்ளரில் போட்டு, உப்பைக் கொட்டி, அது கரைந்து கருஞ்சிவப்புச் சாறாகும்வரை பார்த்திருக்கிறார்கள் போலும். டம்ளரை அப்படியே கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். அவுஸ்திரேலியா போனது மேசையின் இழுப்பு லாச்சிக்குள் பல நாள் இருந்த பாதிக் கொத்துரொட்டியால். எறும்புகள் அதை வீடாகவே எடுத்திருந்தன. ஒல்லாந்து, தலைக்குப் பூசிய சிவப்புச் சாயத்தைத் துவாயிலும் சுவரிலும் துடைத்ததால் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. படித்தவன் என்ற பெயருக்காவது ஏதாவது சொல்ல வேண்டும்.

“ஒரு ஆளு செஞ்சதுக்கு ஒரு நாட்டையே தள்ளி வைக்கிறது நியாயமா அக்கா?”

“அந்த ஆளு ஆகாயத்துல இருந்தா விழுந்தாரு? அங்கதானே ஒரு தாய் வளத்துச்சு?”

“அந்த அம்மா நல்லா வளத்திருக்கலாம். இவரு கேக்காம இருந்திருக்கலாம்.”

“மூஞ்சி எல்லாருக்கும் நல்லாத்தான் சேர் இருக்கு. வாளியைப் பாக்கணும்.”

இந்த வாக்கியம்தான் அவருடைய முழுச் சித்தாந்தம். எதற்கும் இதையே எடுப்பார். தங்கை மகளுக்குப் பண்டாரவளையில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். நல்ல வேலை, நல்ல குடும்பம். பெண் வீட்டார் சம்பிரதாயமாகப் போய் உட்கார்ந்து, தட்டில் கேக்கும் வாழைப்பழமும் வந்த நேரத்தில், இவர் எழுந்து கக்கூஸ் எங்கே என்று கேட்டுப் பின்னால் போனார். திரும்பி வந்து உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றுவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. பிள்ளைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரிடம் கேட்டேன். “புடிக்கும். அது மூஞ்சியத்தானே பாத்துச்சு” என்றார். அந்தப் பெண் அப்புறம் நெடுநாள் இவரோடு பேசவில்லை.

தங்கை கொஸ்லந்தையில் ஒரு தோட்டத்தில் இருந்தார். அங்கே போகும்போது இவர் பையில் தன் சொந்தச் சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு போவார். தங்கை ஒருநாள் அந்த டம்ளரைப் பிடுங்கி வாசலில் எறிந்து, “எங்க வீட்டு எச்சில் ஒனக்கு ஆகாதோ? ஒரே லயத்துலதானே பொறந்தோம்?” என்று அழுதாராம். இதை என்னிடம் சொன்னவரும் இவரேதான். சொல்லிவிட்டு, “டம்ளர் நசுங்கிப் போச்சு சேர்” என்று மட்டும் வருத்தப்பட்டார்.

எங்கள் முதலாளி ஹாஜியார் பதுளையில் மிளகு, கராம்பு மொத்த வியாபாரம் செய்கிறவர். விடுதி அவருக்குப் பக்க வியாபாரம். விருந்தினர் பாதி தேய்த்து விட்டுப்போன சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து நனைத்து, உருண்டை பிடித்து, வேலையாட்களுக்குக் கொடுக்கும் சிக்கனக்காரர். ஒரு தடவை அப்படி ஒரு உருண்டையை இவரிடம் நீட்டினார். பல நிறங்கள், நடுவில் ஒரு சுருட்டை முடி. இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “மொதலாளி, இதுல எத்தன நாட்டு அக்குள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். ஹாஜியார் அதற்கப்புறம் அந்த உருண்டைகளை யாருக்கும் கொடுக்கவில்லை. தன் வீட்டுக்கு எடுத்துப் போனதாகப் பேச்சு.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், நன்றாக ஆங்கிலம் பேசிய குடும்பம், குழந்தையின் உபயோகித்த அணையாடையைச் சுருட்டி அறையின் குளிர்பெட்டிக்குள், தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது. அக்கா மேசைக்கு வந்து நின்றார். நாடு எது என்று கேட்கவில்லை.

“அப்ப இலங்கையும் வேணாமா?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“அதத்தானே சேர் நானும் சொல்றேன். இங்க இருந்து ஒருக்கா போகணும்னு.”

அப்போதுதான் அவர் சபித்துக்கொண்டிருக்கவில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. தனியாக, சுற்றுலாக்காரியாக, ஒரு வெளிநாட்டுக்குப் போக வேண்டும். அதற்காகக் கடவுச்சீட்டு எடுத்துப் பல வருடம் ஆகிறது. அடுத்த வருடம் அது காலாவதியாகிறது. முழங்கால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும் போலிருக்கிறது. வேலையையும் விடப்போகிறார். இப்போது போகாவிட்டால் இனிமேல் இல்லை. பத்திரிகையில் என் கட்டுரையைப் பார்த்துவிட்டு, நான் பல தேசம் போனவன் என்று எண்ணி, என் முன்னால்தான் இவ்வளவு நாளும் நாடுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். ‘அது நல்ல நாடு, நான் போயிருக்கிறேன்’ என்று ஒரு நாட்டுக்காவது பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்தாராம். நான் பொதுவாக நியாயம்தான் பேசினேன்.

“போய் என்ன பாக்கணும் அக்கா? கோயிலா, கடலா?”

“ஒண்ணும் பாக்க வேணாம். ஒரு ரூம்ல போய்ப் படுக்கணும். வேற ஒரு ஆளு எனக்குக் கட்டில் விரிச்சு வச்சிருக்கணும். காலையில எந்திரிச்சு, அப்படியே கலைச்சுப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வெளிய போகணும். சாயந்தரம் வந்தா திரும்ப விரிச்சிருக்கணும். அவ்வளவுதான்.”

“அதுக்கு எதுக்கு வெளிநாடு? நுவரெலியா போனா ஆகாதா?”

அவர் என்னை ஒரு சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “நுவரெலியாவுல கட்டில் விரிக்கிறது யாரு சேர்? எந்த ஓட்டலுக்குப் போனாலும் நம்ம தோட்டத்துப் புள்ளதான் தொடப்பத்தோட வந்து நிக்கும். ‘அத்தே, நீங்களா’ங்கும். அப்புறம் நான் எப்படிப் படுத்திருக்க முடியும்? எந்திரிச்சு அதுக்குக் கூட ஒத்தாசை பண்ணணும்.”

ஆகவே நாட்டுக்கு இரண்டு தகுதிகள் வேண்டியிருந்தன. ஆட்கள் சுத்தமாக இருக்க வேண்டும். நம்மவர்கள் அங்கே துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டாவது தகுதியைச் சொன்னதும் பாதி உலகம் போய்விட்டது. குவைத், சவூதி, டுபாய், லெபனான், சைப்பிரஸ், மாலைதீவு எல்லாம் நம் பெண்கள் கழுவித் துடைத்த நாடுகள். அவர் பிறந்த லயத்தில் மட்டுமே பலர் அப்படிப் போய் வந்தார்கள். இவர் போனதில்லை. கூப்பிட்ட ஏஜன்ஸிக்காரனிடம், “அடுத்தவன் கக்கூஸைக் கழுவ எதுக்குப் பிளேன்ல போகணும்? எல்லக்கி பஸ் இருக்கே” என்று சொல்லி அனுப்பியவர். சிங்கப்பூருக்கு நான் கொடி பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் நமுனுகுலப் பெண் ஒருத்தி ஒரு வீட்டில் இருப்பதாகச் சொல்லித் தள்ளிவிட்டார்.

மிச்சம் எதுவும் இல்லை என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம். நான் உலக வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கி, சின்னச் சின்னத் தீவுகளின் பெயரெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான், மூன்றாம் நம்பரில் ஒரு பெண் தனியாக வந்து தங்கிவிட்டுப் போனாள். அவள் போனபின் அக்கா படியிறங்கி வந்தார். மூக்கு சுருங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

“சேர், மூணாம் நம்பர்ல யாரும் தங்கலியா?”

“தங்கினாங்களே. ரெண்டு நாள்.”

“வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். விரிப்பு நாலாக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில். கைகழுவும் பேசின் ஈரமில்லாமல் துடைத்து. குப்பை வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வாளியைக் கழுவிய விருந்தினரை அவர் தன் உத்தியோக வாழ்க்கையில் கண்டதில்லை. அதை எடுத்து முகர்ந்து பார்த்து, திரும்பக் கவிழ்த்து வைத்தார்.

“எந்த நாடு?”

“வியட்நாம்.”

வியட்நாமைப் பற்றி நானறிந்ததெல்லாம் ஒரு யுத்தம். அதையும் நேரில் கண்டவன் மாதிரித்தான் சொல்வேன். ஆனால் ஹாஜியார் மிளகு விஷயமாக அங்கே போய்வந்தவர். அவரிடம் போய் இரண்டாவது தகுதியை விசாரித்தோம்.

“வியட்நாமா? அங்க எங்கட ஆக்கள் ஒத்தரும் இல்ல. அவங்கட மிளகு மட்டும்தான் எங்கட மிளகோட சண்டை பிடிக்கிது” என்றார். பிறகு அக்காவைக் கவலையோடு பார்த்து, “தனியவா போற? கறியும் இல்லயே அங்க. சரி, அல்லாட காவல், போய்ட்டு வாங்க. வந்து வேலைக்கு நிப்பீங்கதானே?”

மூன்றாம் நம்பர்ப் பெண்ணின் ஊருக்கே போவது என்று முடிவானது. அது மலைமேல் ஒரு ஊர். பெயரை நான் எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் வரும் என்பதால் விட்டுவிடுகிறேன். “மலையில இருந்து மலைக்கா அக்கா? கடற்கரையா பாப்போமே” என்றேன். “கடல்னா ரூமெல்லாம் மணல் சேர்” என்றார். விடுதியை நானே இணையத்தில் பிடித்துக் கொடுத்தேன். காட்சி எப்படி, சாப்பாடு எப்படி என்று அவர் கேட்கவில்லை. குளியலறைப் படங்களைப் பெரிதாக்கச் சொல்லி, தரையும் சுவரும் சேரும் மூலைகளை மட்டும் பார்த்தார். ஆறாவது விடுதியோ ஏழாவதோ, அதன் மூலை அவருக்குப் பிடித்திருந்தது.

“சொந்த விரிப்பு ஒண்ணு கொண்டு போறீங்களா?” என்று கேட்டேன்.

“அப்ப எதுக்கு சேர் போறேன்?”

நசுங்கிய அந்தச் சில்வர் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார். புறப்படும் அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது, நெற்றி பளபளத்தது. என் கட்டுரையை வரிக்கு வரி கடைப்பிடித்திருந்தார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்டோம். “நல்ல நாடு” என்றார். சொன்னதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். சில நாள் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், காயாத துவாய்களை நானும் அவருமாக வராந்தாக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

“ரூமுக்குள்ள போனேன் சேர். வாசல்ல நின்னு மோந்து பாத்தேன். ஒண்ணுமே மணக்கல. வாளி பளிச்சுன்னு இருக்கு. கட்டில்ல வெள்ள விரிப்பு, ஒரு சுருக்கம் இல்ல. மூலைய நான் மடிக்கிறதவிட நல்லா மடிச்சிருக்கு. படுக்க மனசு வரல. கதிரையில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் படுத்தேன். பொறந்ததுல இருந்து அப்படித் தூங்குனதில்ல. அதுதான் வினையாப் போச்சு.”

“என்ன ஆச்சு?”

“காலையில எந்திரிச்சேன். நெனச்ச மாதிரியே எல்லாத்தையும் கலைச்சுப் போட்டேன். கதவத் தொறந்துட்டேன். திரும்பிப் பாக்காம போயிருக்கணும். பாத்துட்டேன்.” துவாயைக் கொடியில் இழுத்து விட்டார். “தலகாணியில, சேர், தட்டு மாதிரி ஒரு எண்ணெய்க் கறை. மஞ்சளா. எந் தலை அளவுக்கு அப்படியே இருக்கு.”

நான் ஏற்கெனவே பிழிந்த துவாயை மறுபடி பிழிந்தேன்.

“அத ஒரு பொம்பள வந்து பாக்கும்ல? வாசல்ல நின்னு மூக்க மூடும்ல? கீழ போய், ‘இந்த ரூம் எந்த நாடு’ன்னு கேக்கும்ல? அங்க ஒக்காந்திருக்கிற சேர் பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுவாருல்ல?”

கதவைச் சாத்திவிட்டார். உறையைக் கழற்றி, அங்கேயிருந்த வாசனைச் சவர்க்காரத்தால் தேய்த்தார். எண்ணெய் போகவில்லை, பரவியது. வெந்நீரில் ஊறவைத்தார். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் அவர் வயதில் ஒரு பெண், துவாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலை லேசாகத் தாங்கி நடந்து வருகிறார்.

“அதுக்கும் முட்டி வலி சேர். நடையிலயே தெரியுது. உள்ள வராதன்னு கையக் காட்டினேன். கோவமா இருக்கேன்னு நெனச்சிருச்சு போல. ரெண்டு துவாய வாசல்ல வச்சுட்டு, குனிஞ்சு கும்புட்டுட்டுப் போயிருச்சு.”

அதற்கப்புறம் இருந்த நாளெல்லாம் கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். தினமும் கட்டிலைத் தானே விரித்தார். பேசினைத் தானே துடைத்தார். வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். கடைசி நாள் கடைத்தெருவில் அலைந்து, சைகை காட்டி, புது வெள்ளை உறை ஒன்று வாங்கித் தலையணைக்குப் போட்டுவிட்டு, பழையதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். விடுதிச் சாமானைத் திருடிப் போகிறவர்களை அவர் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை நான் இங்கே எழுத முடியாது. அந்த வார்த்தைகளை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டார், ஒன்றுவிடாமல்.

“அந்த எண்ணெய்...” என்று நான் மெல்ல ஆரம்பித்தேன்.

“நீங்கதான் எழுதியிருந்தீங்க.” கோபம் இல்லை. “நீங்க எந்த ஓட்டல்ல சேர் படுத்தீங்க? அங்க கறை படலியா?”

மழை பலமாகப் பெய்தது. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சுற்றுலாப் பருவம் முடிந்ததும் அவர் வேலையை விட்டுக் கொஸ்லந்தைக்குத் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். டம்ளர் விஷயம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. மாறியிருக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. போகும்வரை வாசலில் நின்று மோப்பம் பிடிப்பதையும் அவர் விடவில்லை. வாளியையும் பார்த்தார். மூக்கும் சுருங்கியது. ஆனால் படியிறங்கி வந்து நாட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டார். கடைசி வாரத்தில் ஒருமுறை, நானாகவே, “பதினோராம் நம்பர் கனடா அக்கா” என்றேன். “எதுவா இருந்தா என்ன சேர், துவைக்கிறது நான்தானே” என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு தலையணை உறையைக் கறை உள்ளே போகும்படி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டில் இதையெல்லாம் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். ஒரு மனிதன் தனியாக எவ்வளவு தூரம் போனாலும் தன் தேசத்தைத் தலையில் தடவிக்கொண்டுதான் போகிறான் என்று ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது. அடுத்த வாரக் கட்டுரைக்கு ஆகும். அவள் எங்கள் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். என் பக்கத்துத் தலையணையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

“அதெல்லாம் சரி. ஒங்க தலகாணிய என்னைக்காவது பாத்திருக்கீங்களா?”